நிழல் எந்தப் பக்கம்?

சேர்ந்து வரையும் குழு ஒன்று ஏன் நின்றுபோனது என்று விசாரித்தால், பதிலில் கலை வருவது அபூர்வம். வெயில் ஏறிவிட்டது, பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, சொன்ன இடத்தில் யாரையும் காணவில்லை, வாட்ஸ்அப்பில் யாரோ எதையோ அனுப்பி மனஸ்தாபம் என்றுதான் காரணங்கள் வரும். உட்கார நிழலும், பக்கத்தில் ஒரு கழிப்பறையும், முடிந்ததும் போக ஒரு டீக்கடையும் இருந்தால் சுமாராக வரைகிறவர்களின் குழுகூட வருடக்கணக்கில் ஓடும். இந்த மூன்றும் இல்லாமல் எத்தனை கைதேர்ந்தவர்கள் கூடினாலும் நிற்காது. நட்பு, பொதுக்காரியம், பயணம் எல்லாம் அதற்குப் பிறகு தானாக வந்து ஒட்டிக்கொள்பவை.

2007-இல் சியாட்டில் நகரப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ இணையத்தில் தொடங்கியது அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்ற வரைகிறவர்கள் குழு. நேரில் பார்த்து, பார்த்த இடத்திலேயே வரைய வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. புகைப்படத்தை வைத்து வீட்டில் வரைந்தது கணக்கில் வராது. சென்னைக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்று பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கே படித்தவர்கள் இதை இன்றும் ‘அவுட்டோர்’ என்றுதான் சொல்வார்கள். புதிது என்னவென்றால், எந்தக் கலைக் கல்லூரியிலும் படிக்காத வங்கி ஊழியரும் பல் மருத்துவரும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் ஞாயிறு காலையில் நோட்டும் தண்ணீர் பாட்டிலுமாக வந்து உட்காருவது. இங்கே சொல்வதெல்லாம் முக்கியமாக அவர்களுக்கு.

இடம் பார்க்கும்போது

இடத்தை அழகு பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். திசை பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

மயிலாப்பூரை எடுத்துக்கொள்வோம். கபாலீசுவரர் கோயிலின் பெரிய கோபுரம் கிழக்கில் இருக்கிறது, குளம் மேற்கில். குளமும் கோபுரமும் ஒரே படத்தில் வர வேண்டும் என்ற ஆசையில் எல்லோரும் காலை ஏழு மணிக்குக் குளத்தின் மேற்குக் கரையில் போய் நிற்பார்கள். அப்போது சூரியன் கோபுரத்துக்குப் பின்னால். கண் கூசும், கோபுரம் கறுப்பாகத் தெரியும், சுதை பொம்மைகள் ஒன்றும் பிடிபடாது. வெறும் உருவரை மட்டும் போதும் என்றால் அந்த நேரம் நல்ல நேரம்தான். நிறம் வேண்டும் என்றால் அந்தக் கரைக்கு மாலை நாலரைக்கு மேல் போக வேண்டும். காலையில் கிழக்கு வாசல் பக்கம் போங்கள். வெயில் கோபுரத்தின் முகத்தில் நேராக விழும், உங்களுக்குப் பின்னால் இருக்கிற கட்டடத்தின் நிழல் உங்கள் மேல் விழும். எட்டரை வரை அந்த நிழல் தாங்கும்.

மாமல்லபுரத்திலும் இதே கணக்கு. அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு பார்த்தது, காலை வெயிலில்தான் செதுக்கல் எழும்பி நிற்கும். மதியத்துக்கு மேல் பாறை முழுக்க நிழலாகி, யானையும் முனிவரும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துவிடுவார்கள். தெருவை ஒட்டி இருப்பதால் டிக்கெட்டும் கிடையாது. ஐந்து ரதங்களில் பெரும்பாலானவற்றின் முகப்பு மேற்கு பார்த்தது, ஆகவே அவை மாலைக்கு. காலை ஆறரைக்குத் தபசு, பத்து மணிக்குச் சாப்பாடு, வெயில் தாழ்ந்த பிறகு ரதங்கள் என்று பிரித்துக்கொண்டால் ஒரே நாளில் இரண்டும் முடியும். தொல்லியல் துறை இடங்களில் கேமரா முக்காலிக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஈசலை (படத்தாங்கியை) விரித்தாலும் காவலர் அதே கண்ணோடுதான் பார்ப்பார். மடியில் வைத்து வரைகிறவரிடம் பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

பங்குனி அறுபத்துமூவர் அன்று குழுவாகப் போகலாமா என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். வேண்டாம். அந்தக் கூட்டத்தில் நோட்டைத் திறக்கவே இடம் இருக்காது, ஒருவரை ஒருவர் தேடியே காலம் போய்விடும். தேர் ஏழாம் நாள், அறுபத்துமூவர் எட்டாம் நாள். அதற்கு முந்தைய நாட்களில் தேருக்குக் கால் நட்டு, மூங்கில் கட்டி, துணி சுற்றுகிற வேலை நடக்கும். வரைய அதுதான் அருமையான காட்சி. வேலை செய்கிறவர்கள் ஒரே இடத்தில் நிற்பார்கள், பேச்சும் கொடுப்பார்கள்.

அழைப்பில் ‘கோயில் வாசலில் சந்திப்போம்’ என்று எழுதாதீர்கள். எந்த வாசல்? ‘கிழக்கு கோபுரத்துக்கு எதிரே, செருப்பு விடுகிற இடத்துக்கு இடது பக்கம்’ என்று எழுதுங்கள். கூகுள் மேப் குறியோடு, போன வாரமே போய் எடுத்த ஒரு புகைப்படமும் சேர்த்து அனுப்புங்கள். கழிப்பறை எங்கே, அது ஞாயிறு காலை எத்தனை மணிக்குத் திறக்கும், தண்ணீர் வருமா என்பதையும் அதே செய்தியில் போட்டுவிடுங்கள். பெண்கள் வராத குழுக்களை நடத்துகிறவர்கள் ‘அவர்களுக்கு ஆர்வம் குறைவு’ என்று ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள். முதலில் அந்த இடத்துக் கழிப்பறையைப் போய்ப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்கு ஒரு மாற்று இடம் எப்போதும் கையில் இருக்க வேண்டும். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் நல்ல இடம், விடுமுறை நாளை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வெண்கலச் சிலைக் கூடத்தில் பென்சிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிலைக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தைப் பார்த்தால் எந்த ஊழியருக்கும் பதற்றம் வரும், அது நியாயமும்கூட. ரயில் நிலையம் என்றால் பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். அதற்குள் முடிகிற படமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன

கடைக்காரர் சொல்வதில் பாதி தேவையில்லை. நோட்டு ஏ5 அளவு, தையல் பைண்டிங், நடுவில் மடங்காமல் முழுக்க விரிய வேண்டும். கலர் போடுவதென்றால் தாள் 300 ஜிஎஸ்எம் கனம், குறைந்தது 200. 160-க்குக் கீழே போனால் முதல் வாஷிலேயே (தண்ணீர் அதிகம் கலந்த கலரை அகலமாகப் பூசுவது) தாள் அலையலையாகச் சுருண்டு, கலர் பள்ளத்தில் தேங்கித் திட்டாகிவிடும். பேனா மட்டும் என்றால் 120 தாராளம்.

பேனா மையில்தான் புதியவர்கள் ஏமாறுவது. ‘பெர்மனென்ட்’ என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஒரு கோடு போட்டு, ஒரு நிமிடம் விட்டு, ஈர பிரஷால் இழுத்துப் பாருங்கள். கரைந்தால் அது சாய மை. கரையாமல் நிற்பது பிக்மென்ட் மை. அதை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் தினமும் நாலு கோடாவது எழுத வேண்டும். இரண்டு வாரம் சும்மா கிடந்தால் நிப்புக்குள் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஷெல்லாக் (அரக்கு) கலந்த இண்டியன் இங்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றவே கூடாது. அதற்கு முக்கி எழுதும் நிப்புதான் சரி.

கலர் ஆறு போதும்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், லெமன் யெல்லோ, குவினாக்ரிடோன் ரோஸ், தேலோ நீலம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் சென்னைக்குத் தேவையான எல்லாச் சாம்பலும் கிடைக்கும். நீலம் தூக்கலாக இருந்தால் மழை மேகம், சியன்னா தூக்கலாக இருந்தால் பழைய சுண்ணாம்புச் சுவரின் கறை. இரண்டும் சமமாக, தண்ணீர் குறைவாக இருந்தால் கிட்டத்தட்ட கறுப்பு, ஆகவே தனியாகக் கறுப்பு டியூப் வாங்க வேண்டாம். பழைய அலிஸரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். மூடி வைக்கிற நோட்டுக்குப் பரவாயில்லை, சுவரில் மாட்டப் போகிற படத்துக்கு ஆகாது.

டியூபிலிருந்து அரை பேனில் (கலர் பெட்டிக்குள் இருக்கும் குட்டித் தொட்டி) நிரப்புகிறவர்கள் ஒரே தடவையில் முழுக்க அமுக்கிவிடுவார்கள். மேலே தோல் கட்டும், உள்ளே ஈரம் நிற்கும், நம் கடலோரக் காற்றில் வாரத்துக்குள் பூஞ்சை. மூன்றில் ஒரு பங்கு விட்டு, ஓரங்களில் குச்சியால் அழுத்தி, இரண்டு நாள் காயவிட்டு, அதற்குமேல் அடுத்த பங்கு. தேன் கலந்து செய்யும் கலர்கள் சென்னையில் ஒருபோதும் சரியாகக் காயாது, பெட்டியைச் செங்குத்தாக வைத்தால் ஒழுகும். வெளியில் வரைந்து வீடு திரும்பியதும் கலர் பெட்டியை மூடி வைக்காதீர்கள். இரவு முழுக்க ஃபேனுக்குக் கீழே திறந்து கிடக்கட்டும்.

தண்ணீர் 200 மில்லி போதும், ஆனால் கிண்ணம் இரண்டு: ஒன்றில் பிரஷ் கழுவ, மற்றதில் கலர் கரைக்க. கடற்கரையில் சோம்பல்பட்டுக் கடல்நீரை மொள்ளுகிறவர்கள் உண்டு. உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், படம் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். அழுக்குத் தண்ணீரைக் கோயில் குளத்திலோ மரத்தடியிலோ ஊற்ற வேண்டாம், மூடி போட்டு வீட்டுக்கே கொண்டு போங்கள். இரண்டு பைண்டர் கிளிப், பழைய வேட்டித் துண்டு, ஒரு சின்ன ஸ்பிரே பாட்டில் இவையும் வேண்டும். மடக்கு ஸ்டூல் ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும். கடையில் கிடைக்கிற முப்பது சென்டிமீட்டர் உயர ஸ்டூலில் இளைஞர்கள் உட்காரலாம். முழங்கால் வலி இருக்கிறவருக்கு நாற்பத்தைந்து சென்டிமீட்டர் வேண்டும், இல்லையென்றால் எழும்போது இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கும்.

வெள்ளைத் தாள் மேல் நேர் வெயில் படும்படி உட்காரவே கூடாது. கண் கூசுவது ஒரு பக்கம். அந்த வெளிச்சத்தில் எந்தக் கலரும் பளிச்சென்று தெரிவதால் கை தானாகவே அடர்த்தியைக் கூட்டிக்கொண்டு போகும். வீட்டுக்குள் வந்து பார்த்தால் படம் இருட்டாகக் கிடக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கலர் கலந்தால் அது இன்னொரு கோளாறு. தொப்பி போதும்.

ஏப்ரல், மே மாதங்களில் எட்டு மணிக்கு மேல் வாஷ் ஓரம் சேர்வதற்குள் காய்ந்து கோடு விழும். ஆகாயம் போடுவதற்கு முன் தாளைச் சுத்தத் தண்ணீரால் நனைத்துவிட்டு, சின்னச் சின்னப் பகுதியாக முடியுங்கள். நவம்பரில் இதற்கு நேர் எதிர். கால் மணி நேரம் ஆனாலும் ஈரம் போகாது, பொறுமையில்லாமல் பக்கத்தில் இன்னொரு கலரை வைத்தால் இரண்டும் ஓடிக் கலக்கும். அந்த மாதங்களில் இரண்டு படத்தை மாறி மாறி வரைவது நல்லது. வியர்வைக் கை பட்ட இடத்தில் எண்ணெய்ப் பசை ஒட்டி, கலர் பிடிக்காமல் விலகும். கைக்குட்டையை மடித்துக் கைக்குக் கீழே வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

இரண்டே முக்கால் மணி நேரம்

ஆறரைக்குக் கூடுகிறோம் என்றால், முதல் பத்து நிமிடம் யாரும் நோட்டைத் திறக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சும்மா நடந்து பார்க்க வேண்டும். பிறகு தீப்பெட்டி அளவில் மூன்று சின்னக் கட்டம் போட்டு, எது இருட்டு எது வெளிச்சம் என்று மட்டும் பென்சிலால் நிரப்பிப் பார்ப்பது. எந்தக் கட்டம் தூரத்திலிருந்து பார்த்தாலும் புரிகிறதோ அதுதான் படம். இந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தை மிச்சப்படுத்துகிறவர்கள் எட்டு மணிக்குப் பக்கத்தைக் கிழிப்பார்கள்.

சூரியன் மணிக்குப் பதினைந்து டிகிரி நகர்கிறது. ஏழு மணிக்குப் பார்த்த நிழல் எட்டரைக்கு அங்கே இருக்காது. அதனால் நிழலின் வடிவத்தை முதலில் பென்சிலால் சுற்றி வளைத்துவிட்டு, பிறகு வெளிச்சம் எப்படி மாறினாலும் அந்தக் கோட்டையே நம்புங்கள். பாதியில் நிழலைத் திருத்தினால் ஒரே படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும்.

கோபுரம் வரைகிறவர்கள் மேலிருந்து பொம்மை பொம்மையாக இறங்குவார்கள். கீழே வந்து சேரும்போது தாள் தீர்ந்திருக்கும், வாசல் இருக்காது. முதலில் நிலைகளை எண்ணுங்கள். கபாலி கோபுரத்துக்கு ஏழு. உச்சிக்கும் அடிக்கும் புள்ளி வைத்து, ஏழையும் கோடாகப் பிரியுங்கள். மேலே போகப் போக நிலையின் உயரமும் குறையும், அகலமும் குறையும். அண்ணாந்து பார்ப்பதால் அந்தக் குறைவு கண்ணுக்கு இன்னும் கூடுதலாகத் தெரியும். பிறகு நிழல் பக்கம் முழுவதையும் ஒரே வாஷ். பொம்மைகளை வெயில் பக்கத்து விளிம்பிலும், கண் போய் நிற்க வேண்டிய ஒரே ஒரு நிலையிலும் மட்டும் வரைந்தால் போதும். மீதியைப் பார்க்கிறவரே நிரப்பிக்கொள்வார்.

எட்டே முக்காலுக்கு எல்லோரும் நிறுத்திவிட்டு நோட்டுகளைத் தரையில் விரித்து வைப்பது. முடிக்காதவர்களும் வைக்க வேண்டும். குழுவின் உயிர் இந்த இருபது நிமிடத்தில்தான் இருக்கிறது, ஆகவே இதை ஒழுங்காக நடத்துங்கள். யார் நன்றாக வரைந்தார் என்ற பேச்சு வேண்டாம். ‘எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?’ என்று கேளுங்கள். ஒரே தேரைப் பத்துப் பேர் பத்து இடத்திலிருந்து பார்த்திருப்பார்கள், பேச்சு அங்கேயிருந்து தானாக ஓடும். கேட்காமல் திருத்தம் சொல்லக் கூடாது. சொல்லியே தீருவேன் என்பவர் பெரும்பாலும் நன்றாக வரைகிறவராகத்தான் இருப்பார். அவரைத் தனியாக டீக்கடைக்குக் கூட்டிப்போய்ப் பேசுங்கள். ஒன்பதேகாலுக்குக் கலைந்துவிட வேண்டும். வீட்டில் சமையல், கறிக்கடை, பிள்ளைகள் என்று காத்திருக்கிறவர்களுக்கு முடியும் நேரம் தெரிந்தால்தான் அடுத்த மாதமும் வருவார்கள்.

புதியவர், பழையவர்

பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேர் நல்ல எண்ணிக்கை. இருபதைத் தாண்டினால் நடைபாதை அடைபடும், கடைக்காரர் முகம் சுளிப்பார், இரண்டு தெருவாகப் பிரியுங்கள். புதிதாக வருகிறவரைப் பழையவர் ஒருவரோடு சேர்த்துவிடுங்கள். சொல்லிக் கொடுக்க அல்ல, பக்கத்தில் உட்கார. ‘கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா’, ‘அந்தப் பச்சை எப்படி வந்தது’ என்ற அளவில் ஆரம்பிக்கிற பழக்கம் போதும். எதிரெதிரே உட்கார்ந்து பேசக் கூச்சப்படுகிறவர்கள், பக்கத்துப் பக்கத்தில் ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் இருந்தால் சொந்தக் கதையெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். வேலை போனது, அம்மா படுத்த படுக்கையாக இருப்பது எல்லாம் குழுவில் தெரியவருவது இப்படித்தான். கேட்டதை வாட்ஸ்அப்புக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது எழுதாத விதி. எழுதியே வைத்தாலும் தப்பில்லை.

சில மாதம் வராமல் போனவரைக் குழுவில் எல்லோர் முன்னாலும் ‘ஆளையே காணோமே’ என்று இழுக்க வேண்டாம். யாராவது ஒருவர் தனியாக ஒரு போன் செய்தால் போதும். திரும்பி வரும்போது காரணம் கேட்காமல் இடம் கொடுங்கள். வரைவதை நிறுத்திவிட்டு டீக்கு மட்டும் வருகிறவர்களும் இருப்பார்கள். இருக்கட்டும், பை பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

வாட்ஸ்அப்பில் இரண்டு குழு வையுங்கள். ஒன்றில் அட்மின் மட்டும் எழுதலாம்: இடம், நேரம், வரைபடம். மற்றதில் படங்களும் அரட்டையும். அரசியல், ஆன்மிகம், காலை வணக்கம் இரண்டிலும் வேண்டாம். அட்மின் பொறுப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கை மாறட்டும். ஒருவரே வருடக்கணக்கில் செய்தால் அவருக்கு அலுப்பு, மற்றவர்களுக்கு அவர் வீட்டு விசேஷத்துக்குப் போவது போல ஒரு தயக்கம். சந்தா வசூல் தேவையே இல்லை. டீக்காசை அவரவர் கொடுக்கட்டும். பணம் புழங்க ஆரம்பித்தால் கணக்கு வரும், கணக்கு வந்தால் சந்தேகமும் வரும்.

தெருவில் இருக்கிற மனிதர்களை வரையும்போது, தூரத்து உருவமாக வருகிறவரிடம் கேட்க வேண்டியதில்லை. முகம் அடையாளம் தெரியும்படி வரைவதென்றால் கேளுங்கள், முடிந்ததும் காட்டுங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பூக்காரம்மா ‘என்ன இவ்வளவு வயசாக் காட்டிட்டே’ என்று சண்டைக்கு வந்தால் அது உங்கள் கோட்டின் குற்றம். முகச் சுருக்கத்துக்குப் பேனா போடாமல் லேசான வாஷ் போட்டிருக்க வேண்டும். குழந்தைகளைப் பெற்றோரிடம் கேட்காமல் வரைந்து வெளியே போடவே வேண்டாம். துறைமுகம், விமான நிலையம், கோட்டை, உயர் நீதிமன்ற வளாகம் போன்ற காவல் மிகுந்த இடங்களைத் தவிருங்கள், அல்லது எழுத்தில் அனுமதி வாங்குங்கள். போலீஸ்காரர் வந்து கேட்டால் ஒருவர் மட்டும் எழுந்து பதில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வரைந்துகொண்டே இருக்க வேண்டும். பத்துப் பேரும் எழுந்து சூழ்ந்தால் அது கூட்டம் கூடியதாகிவிடும்.

ஒரு காரியத்துக்காக வரைவது

குழு ஒன்று அமைந்துவிட்டால் கொஞ்ச நாளில் யாராவது வருவார்கள்: ஏரியைக் காப்பாற்ற, பழைய கட்டடத்தைக் காப்பாற்ற, மீனவர் குப்பத்துக்காக ஒரு கண்காட்சி. போகலாம். ஆனால் ஓவியர்கள் இங்கே அடிக்கடி செய்யும் காரியம், முழக்கத்தை வரைவது: கண்ணீர் விடும் பூமி உருண்டை, கைக்குள் ஒரு செடி. அதை யாரும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை. இருப்பதை இருக்கிறபடி, தேதியோடு வரைந்தால் அதற்கு ஆயுள் அதிகம்.

பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வரையப் போனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகள் இருக்கும்போது போங்கள். பறவையின் இறகை எண்ணாமல் நிற்கிற தோரணையை முதலில் பிடியுங்கள்: உடல் ஒரு முட்டை, கழுத்து ஒரு கோடு, கால் எங்கே தண்ணீருக்குள் மறைகிறது. பறவையோடு நிறுத்தவும் கூடாது. பின்னால் இருக்கிற அடுக்குமாடியும், மின்கம்பியும், தண்ணீர் விளிம்பு எந்தக் கம்பம் வரை வந்திருக்கிறது என்பதும் படத்தில் வர வேண்டும். பக்கத்தின் ஓரத்தில் தேதி, மணி, நின்ற இடம், பார்த்த திசை நான்கையும் எழுதுங்கள். அடுத்த வருடம் அதே மாதம் அதே இடத்தில் நின்று இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பேச்சாளர் தேவைப்படாது. கடலோரம், கழிமுகம் என்றால் ஓதமா வற்றமா என்பதையும் குறியுங்கள், இல்லையென்றால் தண்ணீர் குறைந்ததற்கு என்ன காரணம் என்று யாருக்கும் தெரியாது.

குப்பங்களுக்குப் போவதற்கு முன் ஊர்ப் பெரியவர்களையோ அங்கே வேலை செய்கிற சங்கத்தையோ போய்ப் பாருங்கள். எதை வரைந்தால் அவர்களுக்குப் பயன் என்று கேளுங்கள். உங்களுக்குச் சூரிய உதயமும் படகும் தோன்றும். அவர்கள் வலை காயப்போடுகிற மணல் திட்டைக் காட்டுவார்கள், ஏனென்றால் சாலை போடப்போவது அதன் மேல்தான். படகின் வகையைத் தெரிந்துகொண்டு வரையுங்கள். ஃபைபர் படகை வரைந்து கட்டுமரம் என்று தலைப்பு எழுதினால் அந்த ஊரில் உங்கள் மரியாதை அதோடு முடிந்தது. படத்துக்குக் கீழே வரும் குறிப்பை அந்த ஊர்க்காரரே சொல்லி எழுதட்டும்.

நிதிக்காக விற்பது என்றால், தொடங்கும் முன்பே நான்கு விஷயத்தை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: மூலப்படம் யாருக்கு, பிரதி எடுக்கும் உரிமை யாருக்கு, எத்தனை பிரதி, மீந்தது எங்கே போகும். மூலத்தை விற்காமல் அஞ்சலட்டை, ஏ4 பிரதி என்று விற்பது எளிது. அதே அளவில் அச்சிட 300 டிபிஐ ஸ்கேன் போதும், ஏ5 படத்தை இரண்டு மடங்கு நீளத்துக்குப் பெரிதாக்க 600 வேண்டும். ஸ்கேனர் இல்லையென்றால் காலையில் நிழலில் தாளைத் தட்டையாக வைத்து, போனைத் தாளுக்கு இணையாகப் பிடித்து, கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் ஓரங்கள் வளையும். அச்சுக்கு மினுக்கம் இல்லாத மேட் தாள். பணம் வருகிற கணக்கை இரண்டு பேர் பார்க்கும்படி வையுங்கள், செலவுப் பட்டியலைக் குழுவில் போடுங்கள்.

இதில் சோழமண்டலத்துக்காரர்களிடம் கற்க ஒன்று உண்டு. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அமைந்தபோது, அதற்கான பணம் பத்திக் (மெழுகு வைத்துச் சாயம் போடும் துணி) போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று வந்தது. ஓவியம் விற்று ஊர் கட்டலாம் என்று காத்திருக்கவில்லை. காரியத்துக்குப் பணம் வேண்டும் என்றால் எது விற்குமோ அதைச் செய்யுங்கள். நாட்காட்டியும் துணிப்பையும் செய்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஊர் விட்டுப் போகும்போது

ரயிலில் வரைய ஸ்லீப்பரில் சைடு லோயர்தான் ராஜா. ஏசி பெட்டியின் கண்ணாடிச் சாயம் எல்லா நிறத்தையும் மங்கலாக்கும். ஓடுகிற வண்டியிலிருந்து பக்கத்தில் இருப்பதைப் பிடிக்க முயலாதீர்கள், தந்திக் கம்பம் வருமுன் போய்விடும். தூரத்து மலை மெதுவாகத்தான் நகரும், அதற்கு ஒரு நிமிடமாவது கிடைக்கும். மலையின் விளிம்பை முதலில் போட்டு, நடுவில் பனைகள், கடைசியாக முன்னால் ஓடியதில் எது நினைவில் நின்றதோ அது. மதுரையிலிருந்து காலையில் கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸில் முதல் ஒரு மணி நேரம் இதற்கென்றே அமைந்தது. வலது பக்கம் சிறுமலை சூரியனுக்கு எதிரே நீலமாக நிற்கும், இடது பக்கம் பழனி மலைத்தொடர் மேல் வெயில் விழுந்திருக்கும். கலர் வேண்டும் என்றால் இடது சன்னல், வெறும் வாஷ் என்றால் வலது. வண்டி ஆடும்போது கையை மேசையில் ஊன்றாமல் முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டால் உடம்பும் நோட்டும் சேர்ந்து ஆடும், கோடு பிசகாது.

பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப்பாலத்தை வரைய எல்லோரும் சாலைப் பாலத்தின் மேல் போய் நிற்கிறார்கள். அங்கே காற்றும் வண்டிகளும் சேர்ந்து பக்கம் புரட்டும். கீழே கரைக்கு இறங்கினால் பாலம் பக்கவாட்டில் முழுதாகத் தெரியும், படகின் மறைவில் காற்றும் அடங்கும். நோட்டின் நான்கு மூலையிலும் கிளிப் போடுங்கள், மணல் பறந்து ஈர வாஷில் ஒட்டும், அதைத் துடைக்காமல் காய்ந்த பிறகு தட்டிவிடுங்கள். செட்டிநாட்டில் வீடுகளின் உள்முற்றத்தை வரைய வேண்டும் என்றால் முன்கூட்டியே வீட்டுக்காரரிடமோ காவலுக்கு இருப்பவரிடமோ பேசி வையுங்கள். ஆத்தங்குடித் தரையில் தண்ணீர்க் கிண்ணத்தை வைக்கும்போது கீழே துணி போடுங்கள்.

விமானத்தில் கத்தி, பிளேடு, கட்டர் எல்லாம் செக்-இன் பெட்டிக்குள். கலர் டியூப் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள்தான் இருக்கும் என்பதால் கைப்பையில் போகலாம். சோதனையில் கேட்டால் ‘வாட்டர் கலர்’ என்று சொல்லுங்கள். ‘பெயிண்ட்’ என்ற சொல் எரிகிற பொருளை நினைவுபடுத்தி வேலையைக் கூட்டும். வாட்டர் பிரஷை (பிடிக்குள் தண்ணீர் நிரப்பும் பிரஷ்) காலி செய்து, மூடியைத் திறந்து வையுங்கள். ஃபவுண்டன் பேனா முழுதாக நிரம்பியிருக்க வேண்டும் அல்லது முழுதாகக் காலியாக இருக்க வேண்டும். பாதி மையும் பாதிக் காற்றுமாக இருந்தால் மேலே ஏறும்போது காற்று விரிந்து மையைத் தள்ளும். நிப்பு மேல் பார்த்து நிற்கும்படி சட்டைப் பையில் வையுங்கள்.

போகிற ஊரிலும் ஞாயிறு காலையில் வரைகிற கூட்டம் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு வாரம் முன்பே எழுதிக் கேளுங்கள், அவர்கள் நேரத்தை உங்களுக்காக மாற்றச் சொல்லாதீர்கள். அங்கே யாரும் ‘உங்கள் ஊரில் எப்படி’ என்று கேட்கும் வரை நம்மூர் முறையைச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பெட்டியிலிருந்து ஒரு நிரப்பிய அரை பேன், அதோடு அந்தக் கலரை நம் ஊரில் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று எழுதிய ஒரு சின்னப் படம் கொண்டு போனால் அழகான பரிசு. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், முன்பே சொல்லி வைத்தால் யாராவது ஒன்று கூடுதலாகக் கொண்டுவருவார்கள்.